கடலுக்கு உன் பெயர் தெரியாது என்றவர்

செய்தி வந்தபோது நான் வவுணதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர மாணவருக்குக் கணித வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விடாத பழக்கம் அது. சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தபோது யன்னலோரம் போய் எடுத்தேன். கன்னியர் மடத்திலிருந்து இளைய சிஸ்டர் ஒருவர் பேசினார்.

“சேர், எங்கட சிஸ்டர் போயிட்டா. காலமைப் பூசை முடிஞ்ச கையோட. நோவில்லாமப் போனவ.”

“சரி மகள்” என்று மட்டும் சொன்னேன். கரும்பலகைக்குத் திரும்பி, பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, “சேர், கடைசி வரியில கழித்தல் அடையாளம் பிழை” என்றது. பார்த்தேன், பிழைதான். திருத்தினேன். வகுப்பை முடித்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தால் நகரத்துக்கு வந்தேன். வழியில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்று நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அருட்சகோதரி ஜசிந்தாவை இதை வாசிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். மட்டக்களப்பு நகரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு படித்த பெண்பிள்ளைகளில் அவரிடம் பௌதிகம் படிக்காதவர்கள் குறைவு. நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் கன்னியாஸ்திரி. நானோ நாவற்குடாவில் சைவக் குடும்பமொன்றில் பிறந்து, இருபது வயதுக்குள் எல்லாக் கடவுளரையும் கைவிட்டவன். முதல் வாரமே இதை அவருக்குச் சொல்லிவிட்டேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். “அப்பிடியா சேர், நல்லம்” என்றார். பிறகு, “காலமைச் செபத்துக்குப் பிள்ளைகளோட எழும்பி நில்லுங்க, கால் நோகாதெண்டா” என்றார். அவ்வளவுதான். பதினேழு வருடத்தில் அவர் என்னை மதம் மாற்ற ஒரு சொல்லும் பேசியதில்லை. நான்தான் அவரை மாற்றப் பல தடவை முயன்றேன்.

ஒரு தவணைப் பரீட்சையில் பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று கேட்டிருந்தார். ஒரு பிள்ளை, “குளிர்நாடுகளில் ஏரிகள் அடிவரை உறைந்து மீன்கள் செத்துப்போகாமல் இருக்கும்படி கடவுள் அப்படிச் செய்தார்” என்று எழுதியிருந்தாள். பக்தியான பிள்ளை. தேவாலயப் பாடகர் குழுவில் முதல் குரல். சிஸ்டர் அந்த விடைக்குப் பூச்சியம் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார்: “ஆமென். எப்படிச் செய்தார் என்பதுதான் கேள்வி.”

பிள்ளையின் தகப்பன் அதிபரிடம் வந்து முறையிட்டார். கன்னியாஸ்திரியே கடவுளுக்குப் பூச்சியம் போடலாமா என்பது அவர் வழக்கு. சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். “அப்பா, நான் கடவுளுக்குப் பூச்சியம் போடல்ல. அவரக் காட்டிக் கேள்வியில இருந்து தப்பப் பாத்த பிள்ளைக்குத்தான் போட்டன்” என்றார். அந்தப் பிள்ளை இப்போது மருத்துவர். மரணவீட்டில் அந்தக் கதையை அவளே எனக்கு மறுபடியும் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

இனிச் சொல்லப்போவது பலருக்குத் தெரியாத சிஸ்டர் ஜசிந்தாவைப் பற்றி.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு அடுத்த நாள் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அவரவர் வீட்டில் அவரவருக்கு ஒரு கணக்கு உண்டு. சில வாரங்கள் கழித்து, வடக்கே வாகரைப் பக்கம் உணவும் மருந்தும் ஏற்றிப் போன ஒரு வானில் நாங்கள் இருவரும் போனோம். பனிச்சங்கேணியில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த கொட்டிலொன்றில் பூமணியை முதன்முதலாகக் கண்டோம்.

பூமணி மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். அலை வந்தபோது ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். பிடி நழுவிவிட்டது. பிள்ளையின் உடல் மறுநாள் வாவிக்கரைக் கண்டல் மரக்காட்டில் கிடந்தது. அன்றிலிருந்து பூமணி சோற்றை வாயில் வைப்பதில்லை, ஒருவரோடும் பேசுவதில்லை என்று அவளுடைய அக்கா சொன்னார்.

அது மட்டுமில்லை. அம்மன் கோயிலுக்கு நேர்ந்த நேர்த்தியைப் பூமணி இரண்டு வருடமாகச் செய்யவில்லையாம், அதனால்தான் அம்மாள் பிள்ளையை எடுத்தாள் என்று ஊரில் ஒரு கதை. எங்களுக்கு முந்தி வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் வேறு, விக்கிரகத்தை வணங்கியவர்களைத் தண்டிக்கவே கடல் வந்தது என்று பிரசங்கித்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு பக்கத்துக் கடவுளரும் அந்தப் பெண்ணையே சுட்டிக்காட்டி நின்றார்கள்.

சிஸ்டர் அவள் பக்கத்தில் மணலில் இருந்தார். பிறகு அங்கே கிடந்த சட்டியொன்றில் தண்ணீர் நிரப்பி வரச்சொன்னார். இரண்டு பலகைத் துண்டுகளைத் தண்ணீருக்கு அடியில் விளிம்போடு விளிம்பு பொருந்த அமிழ்த்திப் பிடித்தார்.

“இஞ்ச பார் மகள். கடலுக்கு அடியில நிலம் இப்பிடித்தான் துண்டு துண்டாக் கிடக்கு. ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டே இருக்கும். உன்ட அம்மம்மாட காலத்துக்கு முந்தியே தள்ளத் தொடங்கின. அண்டைக்கு, சுமாத்திராப் பக்கம், இப்பிடி ஒரு துண்டு சறுக்கி எழும்பினது.”

பலகையைச் சட்டென்று உயர்த்தினார். தண்ணீர் சட்டியின் விளிம்பைத் தாண்டிப் பூமணியின் பாதத்தில் கொட்டியது. அவள் திடுக்கிட்டுக் காலை இழுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

“இவ்வளவுதான் நடந்தது. நேர்த்தி செய்தவங்கட வீட்டுக்கும் வந்த, செய்யாதவங்கட வீட்டுக்கும் வந்த. கோயிலுக்குள்ளயும் போன, எங்கட தேவாலயத்துக்குள்ளயும் போன, பள்ளிவாசலுக்குள்ளயும் போன. கடலுக்கு உன்ட பேர் தெரியா மகள். அது உன்னத் தேடி வரல்ல.”

பூமணி அப்போதுதான் வாய் திறந்தாள். பல நாள் பேசாத குரல் கரகரத்தது.

“கடல் வந்தது சரி சிஸ்டர். கைய விட்டது நான்தானே?”

அப்படியே எழுந்து வானுக்குப் போய்விடத்தான் எனக்குத் தோன்றியது. சிஸ்டர் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ கிணத்தில தண்ணி அள்ளுற பொம்புள. ஒரு குடத்திட பாரம் உனக்குத் தெரியும். இடுப்பில ஒண்டு, கையில ஒண்டு. அதுக்கு மேல ஏலுமா?”

“ஏலா.”

“அண்டைக்கு வந்தது, உன்ட உசரத்துக்கு மேல, பாக்கிற தூரம் வரைக்கும் தண்ணி. அவ்வளவும் ஓடுற வேகத்தோட வந்த. ஆயிரம் குடத்த ஆரோ ஒருமிக்க இழுத்த மாதிரி. ஒரு கைக்கு எவ்வளவு பலம் எண்டு கணக்கிருக்கு மகள். உன்ட கை அந்தக் கணக்கெல்லாம் தாண்டித்தான் பிடிச்சிருக்கும். நீ விடல்ல. அது பறிச்ச.”

பூமணி தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓவென்று அழுதாள். அவளுடைய அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு, “இண்டைக்குத்தான் அழுறாள் சிஸ்டர், இண்டைக்குத்தான் அழுறாள்” என்று தானும் அழுதார். பின்னேரம் நாங்கள் புறப்படும்போது பூமணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. வெற்றி பெற்றவன்போல் சொன்னேன்: “பாத்தீங்களா சிஸ்டர், இண்டைக்கு அவவக் காப்பாத்தினது பௌதிகம். கடவுள் இல்ல.”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓம் சேர். பௌதிகம்தான். ஆனா நான் இவ்வளவு தூரம் வந்தது பௌதிகத்துக்காக இல்லையே” என்றார்.

“அப்ப ஒண்டு கேக்கிறன். அந்த ஏழு வயசுப் பிள்ளை செத்ததுக்கு உங்கட கடவுள் என்ன சொல்றார்?”

கேட்ட தொனி கடுமையாகத்தான் இருந்திருக்கும். சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“தெரியா சேர். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் அதத்தான் கேக்கிறன். செபிக்க வாய் வருகுதில்ல. மாதா கோயிலுக்குள்ள போய்ச் சும்மா இருந்திட்டு வாறன்.”

“பிறகேன் போறீங்க?”

“பதில் வரல்ல எண்டு கேள்விய விட்டுட்டுப் போறதில்ல எண்டு நீங்களும்தானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்க?”

அவர் மறுபடியும் பாடகர் குழுவோடு நின்று பாடியது அடுத்த வருடத்து உயிர்ப்பு ஞாயிறன்றுதான் என்று பிற்பாடு மடத்துச் சிஸ்டர்மார் சொல்ல அறிந்தேன். அந்த இடைக்காலத்தில் வகுப்புகள் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை.

பூமணியின் துன்பம் கடலோடு முடியவில்லை. சண்டை மறுபடி மூண்டபோது அவளுடைய மூத்த மகன் ரூபனை ஆயுதம் ஏந்தியவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினெட்டு வயதுகூட ஆகியிருக்காது. வன்னிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பிறகு கேள்வி. வாகரையில் ஷெல் விழத் தொடங்க, பூமணியும் புருசனும் காட்டு வழியாக நடந்து நகரத்துப் பக்கம் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து அவள் முதலில் தேடி வந்தது எங்கள் பள்ளிக்கூட வாசலுக்குத்தான். சிஸ்டர் அவளுக்கு உடுப்பும் பாயும் தேடிக் கொடுத்தார். அடிக்கடி முகாமுக்குப் போய் வந்தார்.

போர் முடிந்தது. வடக்கிலிருந்து ஒவ்வொரு பெயராகச் செய்தி வந்தது. ரூபனைப் பற்றி மட்டும் ஒன்றுமில்லை. அந்நாட்களில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் போகாத கோயிலில்லை, கேட்காத தெய்வவாக்கில்லை. தங்கள் ஊர்ப் பக்கத்து அம்மன் கோயிலில் தெய்வம் ஆடுபவர் ஒருவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பூமணி நம்பினாள். தனியாகப் போகப் பயம். சிஸ்டரை அழைத்தாள்.

அவர் போகச் சம்மதித்ததைக் கேட்டு ஆசிரியர் அறையில் நான் கோபப்பட்டேன்.

“சட்டியும் பலகையும் வைச்சு விளங்கப்படுத்தினவ நீங்க. இப்ப சாத்திரம் கேக்கத் துணை போறீங்களே?”

“சாத்திரத்துக்கு இல்ல சேர். பூமணிக்குத் துணை.”

“உங்கட பிஷப் கேள்விப்பட்டா?”

“கேள்விப்பட்டா அவருக்கும் அதத்தான் சொல்லுவன்” என்றார். பிறகு குறும்பாக, “வான் ஒண்டு எடுக்கிறம். நீங்களும் வாங்களன், விஞ்ஞானத்தின்ட சார்பில?” என்றார்.

போனேன். வெள்ளை அங்கி போட்ட கன்னியாஸ்திரி அம்மன் கோயில் வெளிவீதியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பெண்களோடு பெண்ணாக நின்றதை ஊர் அதிசயமாகப் பார்த்தது. பறை முழங்கியது. தெய்வம் ஆடியவர் வேப்பிலையோடு பூமணியின் முன்னால் வந்து நின்றார். பிள்ளை உயிரோடு இருக்கிறான், வடக்கே, தண்ணீருக்குப் பக்கத்தில் என்றார். பூமணி மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

“இந்த நாட்டில தண்ணிக்குப் பக்கத்தில இல்லாத இடம் ஏது?” என்று நான் சிஸ்டரின் காதில் முணுமுணுத்தேன். அவர் என் கையை மெல்ல அடித்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். வாக்குக் கிடைத்துவிட்டது என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாள் வடக்கே என்று சொன்னாள் அல்லவா, அப்படியானால் வடக்கே போய்ப் பார்ப்போம் என்று பூமணியைக் கூட்டிக்கொண்டு, போரில் தப்பியவர்கள் அடைக்கப்பட்டிருந்த வவுனியா முகாம்களுக்குப் புறப்பட்டார். அனுமதி கேட்டுக் காத்து நின்றார். முள்ளுக்கம்பிக்கு இப்பால் நின்றுகொண்டு அப்பால் நின்றவர்களிடம் ஒவ்வொருவராக ரூபனின் படத்தைக் காட்டிக் கேட்டார். பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் போனார். இரண்டு தடவை நானும் போனேன்.

கடைசியில், நானும் கூடப் போயிருந்த ஒருநாள், ரூபனை அறிந்த ஒருவன் அகப்பட்டான். இராணுவத் தடுப்பு முகாமிலிருந்து விடப்பட்டு வந்த மட்டக்களப்புப் பையன். போரின் இறுதி நாட்களில் ரூபனை வயிற்றில் காயத்தோடு கண்டதாகச் சொன்னான். தறப்பாள் கூரையின் கீழே கிடந்தானாம். இவன் தண்ணீர் தேடிப் போய்த் திரும்பியபோது அந்த இடத்தில் ஒருவரும் இல்லையாம். தூக்கிப் போனார்களா, வேறேதும் நடந்ததா, தெரியாது.

பூமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. என்ட புள்ள இருக்கானா, இல்லையா?”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். வாக்கை நம்பி அவள் ஆயுள் முழுதும் காத்திருக்காமல் இருக்க, இல்லை என்று சொல்லிவிடுவதே நல்லது என்று நினைத்தேன். மறுபக்கம், எந்தச் சாமியாரும் சாத்திரியும் இருக்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சிஸ்டர் இரண்டையும் சொல்லவில்லை.

“மகள், நான் உனக்குப் பொய் சொல்லமாட்டன். வயித்துக் காயம், மருந்தில்லாத இடம். நல்ல சேதி இல்ல. அவன் இல்லை எண்டுதான் என்ட புத்தி சொல்லுது. ஆனா கண்டவங்க ஒருத்தரும் இல்ல. அதால எனக்குத் தெரியா. தெரியாத ஒண்டத் தெரியும் எண்டு உனக்குச் சொல்ல எனக்கு ஏலா. சேசுவின்ட பேராலயும் ஏலா, விஞ்ஞானத்தின்ட பேராலயும் ஏலா.”

“அம்மாள் இருக்கான் எண்டு சொன்னாவே?”

“நீ அம்மாளிட்டக் கேட்டுக்கொண்டே இரு. நான் மாதாவிட்டக் கேக்கிறன். தேடுறதையும் நிப்பாட்ட வேணாம். ஆனா நீ சாப்பிடோணும். புருசனோட பேசோணும். அவன் வந்தாலும் வராட்டியும் நீ உசிரோட இருக்கோணும்.”

பேருந்தில் திரும்பும்போது பூமணி சிஸ்டரின் தோளில் சாய்ந்து உறங்கினாள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அவள் மகனுக்குச் செய்யவில்லை. வருவான் என்று இன்னொரு வாக்குக் கேட்கவும் போகவில்லை. பனிச்சங்கேணிக்குத் திரும்பிப் போய் வீட்டைக் கட்டினாள். புருசன் வாவியில் வலை போட்டான், அவள் கருவாடு போட்டாள். ஒவ்வொரு நத்தாருக்கும் மடத்துக்கு இறால் வந்தது.

சிஸ்டருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது போன வருடம். கொழும்பில் சிகிச்சை பெற்றுத் திரும்பியபோது முடியெல்லாம் உதிர்ந்திருந்தது. “முக்காட்டுக்குள்ள ஆருக்குத் தெரியப்போகுது சேர்” என்று சிரித்தார். நோயாளருக்காகச் செபிக்கும் குழுவொன்று வந்து தலையில் கை வைத்துச் செபித்தது. அவர் கண்ணை மூடி மனமாரக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர்களில் ஒரு பெண், “இனி மருந்து தேவையில்ல சிஸ்டர், முழுசா விசுவசியுங்க” என்றார்.

“உங்கட செபத்துக்கு நன்றி மகள்” என்றார் சிஸ்டர். “ஆனா கடவுளச் சோதிச்சுப் பாக்கிற பழக்கம் எனக்கில்ல. அப்பிடிச் சோதிக்கிறதெண்டாலும், மருந்து குடிக்கிற இன்னொரு ஜசிந்தாவப் பக்கத்துக் கட்டில்ல படுக்க வைச்சு ஒப்பிட்டுப் பாக்கோணும். ஒரு ஆள வைச்சு முடிவெடுக்க ஏலா.” அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க.

கடைசியாகக் கண்டபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கு சேர்.”

“நீங்க நம்புறவதானே?”

“நம்புறன். தெரியும் எண்டா நம்பத் தேவையில்லையே.” சற்று மூச்சு வாங்கிவிட்டு, “செபமாலை சொல்லப் போறாங்க. நீங்க சொல்ல வேணாம். சும்மா இருங்க” என்றார். இருந்தேன். வாய் அசையாமல், எதையும் நம்பாமல், முழுச் செபமாலைக்கும் இருந்தேன். முடிந்தபோது அவர் உறங்கியிருந்தார்.

அடக்கத்துக்குப் பூமணி வந்திருந்தாள். சேமக்காலையில், புதைகுழியைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குப் பின்னால், சைவக்காரி மண் போடலாமோ என்று தயங்கி நின்றாள். நான் கையைக் காட்டி முன்னுக்கு விட்டேன். மண் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். “சேர், எல்லாத் தாய்மாரும் அடுத்த கிழமை ரோட்டோரம் இருக்கப் போறம், காணாமப் போன புள்ளையளக் கேட்டு. ஒவ்வொரு தரமும் சிஸ்டர் வந்து என்னோட இருப்பா” என்று மட்டும் சொன்னாள். வரச்சொல்லிக் கேட்கவில்லை.

சிஸ்டர் ஜசிந்தாவின் விசுவாசம் எனக்கு வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. அவருடைய பௌதிகம் எனக்கு முன்பே தெரியும். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது, அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் இருந்த இடத்தை. விடை கையில் இல்லாத நேரத்திலும் கேட்டவரை விட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் இருக்கும் அந்த இருப்பை.

அடுத்த கிழமை போனேன். தாய்மார் வெயிலில் படங்களை நெஞ்சோடு பிடித்தபடி பாயில் இருந்தார்கள். பூமணி சற்று ஒதுங்கி இடம் விட்டாள். இருந்தேன். பக்கத்திலிருந்த வயதான அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆர் மனே இவர்? ரூபன்ட மாமாவா?” என்று பூமணியிடம் கேட்டார்.

பூமணி மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“இல்லம்மா. சிஸ்டர்ட ஆள்.”